சாது மிரண்டால்

போக்கரில் முதல் இரண்டு சீட்டும் ஏஸ் ஜோடியாக அமைவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். ஒற்றை எதிராளியிடம் அதன் வெற்றி வாய்ப்பு சுமார் 85 சதவீதம். ஐந்து பேர் நின்றால் பாதிகூட இல்லை. எனவே பொதுச் சீட்டுகள் விழும் முன்பே பந்தயத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது அவசியம்.

சிக்கல் பிறகுதான். கோவாவின் மாண்டோவி நதிக் கப்பலானாலும் லாஸ் வேகாஸானாலும், சின்னப் பந்தய மேசைக்கு வருபவர்களில் பலர் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள். கட்டிய தொகைக்கு ஈடு கொடுப்பார்கள், உயர்த்துவது அபூர்வம். அதுவரை சாதுவாக இருந்தவர் கடைசிச் சீட்டில் திடீரென்று உயர்த்தினால் அது பெரும்பாலும் வெற்று மிரட்டல் அல்ல. இரண்டு ஜோடியோ அதற்கு மேலோ கையில் இருக்கும். ஏஸ் ஜோடியானாலும் கீழே வைத்துவிடுவதே லாபம்.

ஓயாமல் மிரட்டுபவர் வேறு ரகம். அவரைக் கட்டவிட்டு, ஈடு மட்டும் கொடுத்து வந்தால் போதும். எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, உயர்த்தியது யார் என்பதே முக்கியம்.