பள்ளிக்கூடமும் ஓர் அமானிதமே!

சேலம் நகரின் குடிநீருக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன் அமைக்கப்பட்டது பனமரத்துப்பட்டி ஏரி. ஏரிக்குக் கரை மட்டும் போதாது. வரத்து வாய்க்கால் தூர்ந்துவிட்டால் கரைதான் மிஞ்சும். நம் பள்ளிக்கூடங்களின் கதையும் இதுவே. கட்டடம் அரசு தரும். அதற்கு வாய்க்கால் பெற்றோரின் அக்கறையன்றோ?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அந்த வாய்க்காலை வெட்டித் தந்துள்ளது. அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு, அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், அரசு நிதி செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அதன் கடமைகள். தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. தலைமையும் பெற்றோருக்கே உரியது.

ஆனால் நாம் செய்வதென்ன? ஜமாஅத் நிர்வாகத் தேர்தல் என்றால் நள்ளிரவுவரை வாதாடுகிறோம். பள்ளிவாசல் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விளக்கம் கேட்கிறோம். அது முறையே. ஆயின் நம் பிள்ளைகள் பகலெல்லாம் அமர்ந்திருக்கும் இடத்தின் கணக்கை மட்டும் கேளாதிருப்பது எந்த முறை? குழுவில் மனைவியின் பெயர், கூட்டத்தில் கணவன், பதிவேட்டில் யார் யாரோ இட்ட கையொப்பம். இதுவா பங்கேற்பு?

“படிப்பறியாத நாங்கள் என்ன பேசுவது?” என்பர் சிலர். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மதிய உணவு வெந்திருக்கிறதா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தமிழைத் தடையின்றி வாசிக்கிறதா என்று அறியப் பட்டமா வேண்டும்? ஒரு தாயின் கண் போதுமே!

குறை நம்மிடம் மட்டுமன்று. பல மாதங்களில் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடந்தது. அரளித் தோட்டத்திற்கும் தறிக்கும் கூலிக்குச் செல்வோர் அன்றைய கூலியை இழந்தா வரவேண்டும்? அந்த நேரத்தைக் குறித்துவிட்டு, “பெற்றோருக்கு அக்கறையில்லை” என்று எழுதுவது நீதியாகாது. பெற்றோர் வரக்கூடிய வேளையில் கூட்டுங்கள்; வரவு செலவை உரக்க வாசியுங்கள்; சென்ற மாதத் தீர்மானம் என்னவாயிற்று என்று சொல்லுங்கள். இதுவே நம் கோரிக்கை.

காமராசர் ஆட்சியில், 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊர் மக்கள் பள்ளிகளுக்குப் பொருளும் உழைப்பும் வாரி வழங்கினர். நிர்வாகத்தில் இடமில்லாத காலத்திலேயே அவர்கள் கொடுத்தார்கள். சட்டமே இடமளித்த பிறகும் நாம் கேட்கக்கூட எழவில்லை. நாணத்தக்க நிலையன்றோ இது!

ஆகவே, கூட்ட நாளை ஜும்ஆவிற்குப் பின் அறிவிக்க ஜமாஅத்துகள் முன்வரட்டும். உறுப்பினரான தாய்மார்கள் தாமே சென்று அமரட்டும். கணவன்மார் அன்று வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். சாதி, சமய வேறுபாடின்றி ஊரின் எல்லாப் பெற்றோரோடும் கலந்து பேசுவோம். மஷூரா நமக்குப் புதிதன்று. அதைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டு செல்வதே இன்றைய பணி.