ரொட்டிக்கென்று விற்ற பாகு

அமெரிக்காவில் 1920களில் மளிகைக் கடைக்குப் போய் ஒரு டின் மால்ட் பாகு வாங்கியவரிடம் யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. ரொட்டி சுட, பலகாரம் செய்ய என்றுதான் விளம்பரம். ஆனால் சில டின்களில் ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்திருந்தது. கசக்கும் ரொட்டியை யார் சாப்பிடுவார்கள்? விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

1920 ஜனவரியில் மதுவிலக்கு அமலுக்கு வந்தபோது பெரிய பீர் ஆலைகள் பிழைக்க வழி தேடின. ஈஸ்ட், ஐஸ்கிரீம், மால்ட் பாகு என்று மாறிய நிறுவனங்களில் ஆன்ஹைசர்-புஷ்ஷும் ஒன்று. ஆலையில் கொதிக்கக்கூடாத பீர், வீட்டு அடுப்படியில் கொதித்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. குழந்தைக் கஞ்சிக்குக் கேழ்வரகை முளைகட்டும் தாய்மார்களுக்கு அந்த இனிப்பு பழக்கமானதுதான். இந்தச் சாற்றைத் தேன் பதத்துக்குச் சுண்டவைத்தால் அதுவே மால்ட் பாகு. வீட்டில் பீர் தயாரிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்த நாளைய வீட்டுக்காரர் பாகில் கிலோ கணக்கில் சர்க்கரையைக் கொட்டினார். ரொட்டி ஈஸ்ட்டைத் தூவினார். நொதித்து முடியும் முன்பே புட்டியில் அடைத்தார். நள்ளிரவில் நிலவறையில் புட்டிகள் வெடித்தன. தப்பித்த புட்டிகளில் இருந்ததைக் குடிக்கவும் துணிச்சல் வேண்டும்.

1933ல் மதுவிலக்கு போயிற்று. வீட்டில் ஒயின் தயாரிக்க மத்திய சட்டம் இடம் கொடுத்தது, பீருக்குக் கொடுக்கவில்லை. எழுத்தர் ஒருவரின் கவனப் பிசகு என்று ஒரு கதை உலவுகிறது. காரணம் எதுவானாலும், திராட்சை ரசம் ஊறவைத்தவர் நல்ல குடிமகன், பார்லி ஊறவைத்தவர் குற்றவாளி என்ற நிலை நாற்பத்தைந்து ஆண்டு நீடித்தது. போலீஸ் அடிக்கடி கதவைத் தட்டவில்லை என்பது உண்மை. ஆனால் ஒளித்துச் செய்யும் தொழிலில் தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் கிடைப்பதில்லை. நல்ல ஈஸ்ட்டும் நல்ல யோசனையும் கிடைப்பது அரிதாக இருந்தது.

1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்றியது. வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், அதாவது சுமார் 380 லிட்டர், வரியின்றித் தயாரிக்கலாம். இருவர் இருக்கும் வீட்டில் 200 காலன். ஒரே நிபந்தனை, விற்கக்கூடாது. அதே ஆண்டு கொலராடோவின் போல்டர் நகரில் வீட்டு பீர்க்காரர்களுக்குச் சங்கம் பிறந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான சார்லி பபேசியன் 1984ல் வெளியிட்ட கையேடு பலருக்கு ஆசானாயிற்று.

செய்முறையும் திருந்தியது. வறுத்த தானியத்தைத் துணிப்பையில் கட்டி, சுமார் 65 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து எடுக்கிறார்கள். நிறமும் மணமும் அதிலிருந்து. இனிப்புக்கு டின் பாகு. ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணி நேரம் கொதி. பிறகு வேகமாக ஆறவைத்து பீருக்கான ஈஸ்ட். பாத்திரம் பளிச்சென்று இருக்கவேண்டும், பொறுமை வேண்டும். நொதிப்பு அடங்க இரண்டு வாரம், புட்டியில் இன்னும் இரண்டு வாரம். வெடிச் சத்தம் கேட்பது அபூர்வம்.

அடுப்படியில் கற்றவர்கள் அங்கேயே நிற்கவில்லை. கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் 1976ல் வீட்டு பீர் சாமான் கடை வைத்த கென் கிராஸ்மன், பழைய பால் பண்ணைப் பாத்திரங்களை ஒட்டவைத்து சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். 1970களின் கடைசியில் நூறுக்கும் குறைவாக இருந்த அமெரிக்க பீர் ஆலைகள் இன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் பலவற்றின் முதலாளிகள் வீட்டுப் பானையில் கை பழகியவர்கள்.

மாநிலங்கள் எல்லாம் ஒரே நாளில் இணங்கிவிடவில்லை. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013ல்தான் அனுமதித்தன. மால்ட் பாகு டின்கள் இன்றும் கடையில் இருக்கின்றன. பீருக்காக என்றே அவற்றில் அச்சிட்டிருக்கிறது.