தவளை தேடிப் போன மாலை

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. மூன்று நாளாக விடாத மழை. பிள்ளைகள் இருவரும் கைப்பேசியும் கையுமாகச் சோபாவிலேயே கிடந்தார்கள். நாலாம் நாள் மழை விட்டதும், “தவளை பார்க்கப் போகலாமா?” என்றேன்.

“ஈரச்சந்தையில்தான் வலைக்குள் கிடக்கிறதே அப்பா!” என்றான் சின்னவன்.

சந்தையில் விற்பது பண்ணையில் வளரும் அமெரிக்கத் தவளை. ஏழு வயதாகியும் நம் ஊர்த் தவளையை இவன் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிராஞ்சியில் இறங்கி, 925ஆம் எண் பேருந்தில் சுங்கை பூலோ போனோம். 1993ல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002ல் இயற்கைப் பாதுகாப்புப் பகுதியான சதுப்புநிலம் அது. அங்கே வருவோர் பெரும்பாலும் முதலையையும் பறவையையும் தேடுவார்கள். எங்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் அதிகம் தேவைப்பட்டது. ‘தவளை தன் வாயால் கெடும்’ என்று சும்மாவா சொன்னார்கள்?

மணி ஆறு. புல்லோரக் கால்வாயில் சத்தம். கிட்டே போனதும் நின்றுவிட்டது. “அசையாமல் நில்லுங்கள்” என்றேன். சிறிது நேரத்தில் சேற்று நிறத்தில் ஒன்று கண்ணை உருட்டியது. நண்டு தின்னும் தவளை!

“உப்புத் தண்ணீரில் தவளை செத்துவிடாதா?” என்றாள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மூத்தவள். நல்ல கேள்வி. மற்ற தவளைகளின் உடம்பில் உள்ள நீரை உப்பு உறிஞ்சிவிடும். இது யூரியாவை உடம்பில் தேக்கிவைத்துச் சமாளிக்கிறது. அதனால்தான் அலையாத்திக் காட்டிலும் பிழைக்கிறது.

சற்றுத் தள்ளி, குட்டைக்கு மேல் நீட்டியிருந்த இலையில் சோப்பு நுரைபோல ஓர் உருண்டை. மரத்தவளையின் கூடு. பின்னங்கால்களால் நுரையை அடித்து, அதற்குள் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் கீழே தண்ணீரில் விழும். குட்டையில் தலைப்பிரட்டைகள் நெளிந்தன.

சின்னவன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தான். “நாலே நாலு, அப்பா.”

இங்கே எதையும் எடுப்பது குற்றம் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் யாரிடமும் சொல்லாத கதை ஒன்று வாயில் வந்துவிட்டது. ஜோகூர்த் தோட்டப்புறத்தில், இவன் வயதில், மைலோ டின் நிறையத் தலைப்பிரட்டை பிடித்து வந்தேன். லயத்துப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டேன். திரும்பியபோது உச்சி வெயிலில் டின் கொதித்தது. ஒன்றுகூட அசையவில்லை. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வாழைமரத்தடியில் ஊற்றினார்.

“உங்களை யாரும் திட்டலையா?”

“இல்லை.”

“திட்டியிருக்கணும்” என்றான். புட்டியை மூடிப் பைக்குள் வைத்தான். எனக்குப் பதில் வரவில்லை.

7 மணிக்குக் கதவை மூடுவார்கள் என்பதால் கிளம்பினோம். வீடு திரும்பியபோது மறுபடியும் தூறல். எங்கள் புளோக்குக் கீழே உள்ள வடிகாலில் ஏதோ ஒன்று மாடுபோல அடித்தொண்டையில் கத்தியது. எத்தனை வருடமாகக் கத்துகிறதோ!

“ஷ்ஷ்…” என்று எங்களை நிறுத்தினான் சின்னவன். மின்தூக்கி வந்து, எங்களை ஏற்றாமலேயே போய்விட்டது.

அடுத்த மழை விட்டதும் நீங்களும் பிள்ளைகளோடு கீழே இறங்கிப் பாருங்கள். கைவிளக்கு ஒன்று போதும். புட்டி வேண்டாம்.