பறித்த பஞ்சப்படி எங்கே?

ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒருவர் கிணற்றில் விழுந்து செத்தாலும் சரி, சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தாலும் சரி, போலீஸார் வந்து சாவு விசாரணையை முடிக்கும்வரை பிணத்துக்குக் காவல் இருப்பவர் யார்? தாசில்தார் அல்ல. முன்பு தலையாரி, வெட்டியான் என்று அழைக்கப்பட்டு இன்று கிராம உதவியாளர் என்று பெயர் மாறியிருக்கும் ஏழைதான். சர்க்கார் "சிக்கனம்" என்று கத்தியைத் தீட்டினால் வெட்டு அவர் மீதும் விழுகிறது.

2020 ஏப்ரலில், கொரோனாவைக் காரணம் காட்டி, மத்திய சர்க்கார் பஞ்சப்படி உயர்வை முடக்கியது. சில நாட்களிலேயே தமிழக சர்க்காரும் அதே வழியில் போயிற்று. ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறுவதையும் நிறுத்தியது. 2021-ல் ஆட்சி மாறியது, முடக்கம் மாறவில்லை. 17 சதவீதம் 31 ஆக உயர்ந்தது 2022 ஜனவரி 1 முதல்தான். அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் வாங்கும் ஊழியர், முறைப்படி 4, 7, 11, 14 சதவீதம் என்று ஏறியிருக்க வேண்டிய அந்த இரண்டு வருஷத்தில் இழந்தது 43,200 ரூபாய். கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

மத்திய சர்க்கார் இப்படி மிச்சம் பிடித்தது சுமார் 34,402 கோடி. அதற்கு ஏழு மாதம் முன்பு, 2019 செப்டம்பரில், கம்பெனிகளுக்கு வரி குறைத்தபோது வருஷத்துக்கு 1,45,000 கோடி போகும் என்று அதே சர்க்கார்தான் சொன்னது. அப்போது கஜானா காலி என்ற பேச்சு வரவில்லை!

"ஆபீஸ்காரனுக்கு என்ன குறை? நமக்குக் கூலியே கிடைக்கவில்லையே" என்று வயலில் நிற்கும் தோழர் கேட்பார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மனுவோடு போனால் நம்மை நாயைப் போல் விரட்டும் ஆபீஸ்களை நாமும் அறிவோம். ஆனால் கர்நாடகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஜூலையில் அந்த சர்க்கார் தனியார் ஆலைத் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலியோடு சேர்ந்த பஞ்சப்படி உயர்வையே ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைத்தது. உயர்நீதிமன்றம் தடை விதித்த பிறகும் கொடுக்காமல் இழுத்தடித்த முதலாளிமார் உண்டு. ஆபீஸில் தொடங்கிய வெட்டு மில் வாசலுக்கு வர மூன்று மாதம் போதுமாயிருந்தது.

போனது போனதுதான் என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். ஆந்திர சர்க்கார் 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிடித்துவைத்த சம்பளத்தையும் பென்ஷனையும் 6 சதவீத வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் விடுப்புச் சரண் 2025 அக்டோபரில்தான் திரும்பியது, அதுவும் 15 நாளுக்கு. பஞ்சப்படிப் பாக்கி வரவில்லை. அந்தப் பாக்கியைக் கடைசிக் கிராம உதவியாளர் வரை கொடு என்று கேட்கிறோம். வட்டி வேண்டாம் என்றும் சொல்லமாட்டோம்.