நெரிசலில் வேஸ் காட்டும் அந்தப் பழைய ரோடு: ஸ்லிம் ஆற்றுப் பாலம் ஏன் இன்னும் முக்கியம்?

தீபாவளிக்கு முந்தின நாள் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குக் கார் ஓட்டியவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் பிளஸ் நெடுஞ்சாலை நகராது. வேஸ் செயலி, "இறங்கி பழைய ரோட்டைப் பிடி" என்று வழி காட்டும்.

அந்தப் பழைய ரோடு, ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹித்தாம் வரை போகும் 1ஆம் எண் கூட்டரசு சாலை. ஒரு லாரிக்குப் பின்னால் வரிசையாகக் கார்கள், ரெண்டு பக்கமும் தோட்டம். அலுப்பான பயணம்தான். ஆனால் இதில் ட்ரோலாக்குக்கும் ஸ்லிம் ஆற்றுப் பாலத்துக்கும் இடையே உள்ள துண்டு, 1942இல் ஒரே காலையில் கோலாலம்பூரின் விதியைத் தீர்மானித்தது.

எல்லாமே ஏன் இந்த ஒரே வழியில்?

வரைபடத்தைத் திறந்து பாருங்க. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே பெர்னாம் ஆற்றை ஒட்டிய தாழ்வான, சதுப்பான நிலம். நடுவில் கிடைக்கும் ஒடுக்கமான மேட்டு நிலத்தில்தான் ரயில் பாதை, பழைய சாலை, இன்றைய நெடுஞ்சாலை மூன்றும் போகின்றன.

பிரிட்டிஷ் ஆட்சி ஈயத்துக்காகவும் பிறகு ரப்பருக்காகவும் சாலை போட்டது. கல்லுடைத்து, மண் கொட்டி, வெள்ளத்தில் அரித்துப் போனால் மறுபடியும் கொட்டியவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள்.

முதலில் போட்ட சாலை மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து வளைந்து போனது. மோட்டார் வண்டிகள் பெருகியதும் சில வளைவுகளை வெட்டிச் சாலையை நேராக்கினார்கள். கைவிட்ட வளைவுகள் ரப்பர் மரங்களுக்கு இடையே அப்படியே கிடந்தன. யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கலை.

1942 ஜனவரி 7இல் என்ன நடந்தது?

ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. 11ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு இந்தச் சாலையைக் காத்து நின்றது. அதில் பஞ்சாப், ஹைதராபாத் படைகளும், கூர்க்காக்களும், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையும் இருந்தன. வாரக்கணக்கில் பின்வாங்கி வந்த களைப்பு வேறு. மலாயாவில் பிரிட்டனிடம் ஒரு டாங்கிகூட இல்லை.

அதிகாலை சுமார் மூன்றரை மணிக்கு, நிலா வெளிச்சத்தில், மேஜர் ஷிமாடாவின் சுமார் 20 டாங்கிகள் புறப்பட்டன. முன்னணிப் பகுதியில் சாலைத் தடைகளும் கண்ணிவெடிகளும் இருந்தன. முன்னால் போன டாங்கிகள் அடிபட, பின்னால் வந்தவை நெரிசலில் நின்றன. அந்த இடத்தில்தான் அந்தப் பழைய வளைவு ஜப்பானியர் கண்ணில் பட்டது. அதில் நுழைந்து, தடையைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் சாலைக்கு வந்துவிட்டார்கள்.

பிறகு அவர்களை நிறுத்த ஆளில்லை. ஒரு பஞ்சாப் படை, டாங்கி வருவது தெரியாமலேயே அதே சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தது. தொலைபேசித் தொடர்பு சரியாக இல்லாததால் பின்னால் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை.

பாலம் ஏன் தகர்க்கப்படவில்லை?

ஸ்லிம் ஆற்றுப் பாலத்தில் வெடி வைத்துத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் எதிரி இவ்வளவு சீக்கிரம் அங்கே வருவான் என்று கணக்கில் இல்லை. காலை எட்டரை மணியளவில் டாங்கிகள் வந்தபோது, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுட்ட குண்டுகள் அவற்றின் இரும்புத் தோலில் பட்டுத் தெறித்தன. ஜப்பானிய அதிகாரி வதனாபே, வெடிக்கம்பியைத் தன் வாளால் வெட்டினார் என்று போர் வரலாறுகள் சொல்கின்றன. பாலம் முழுசாகக் கைமாறியது.

அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் ஒரு பீரங்கி, முதல் டாங்கியை அடித்து நிறுத்தியது. அதற்குள் ஆறு மணி நேரத்தில் சுமார் 30 கிலோமீட்டர் கடந்துவிட்டார்கள். பாலத்துக்கு வடக்கே இருந்த படைகளுக்கு வண்டிகளோடு திரும்ப வழியில்லை. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது.

இதை டாங்கிகளின் வெற்றியாகவே வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஒரே சாலை, ஒரே பாலம், மாற்று வழி கிடையாது: அதுதான் தோல்வியை இவ்வளவு பெரிதாக்கியது.

இப்போ அதுக்கு என்ன?

1994இல் 772 கிலோமீட்டர் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையானது. வெட்டி விடப்பட்ட அந்த வளைவுகளுக்கு நடந்ததே பழைய சாலைக்கும் நடந்தது. முன்பு ஸ்லிம் ரிவரில் தேநீருக்கு நின்ற பயணிகள், இப்போ நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிற்கிறார்கள். கடைத்தெரு அமைதியாகிவிட்டது.

ஆனால் நிலம் மாறவில்லை. அதே ஒடுக்கமான பாதைதான். அங்கே ஒரு லாரி கவிழ்ந்து நெடுஞ்சாலை அடைபட்டால், அத்தனை வண்டியும் இந்த ரெண்டு தடச் சாலைக்குத்தான் வரும். கடற்கரைப் பக்கம் 5ஆம் எண் சாலை உண்டு, ஆனால் அது நல்ல சுற்று. படிப்படியாகத் திறக்கப்படும் மேற்குக் கரை விரைவுச்சாலையும் அந்தப் பக்கம்தான். டோல் கட்ட முடியாதவங்களுக்கு அன்றாட வழியும் இந்தப் பழைய ரோடுதான்.

பராமரிப்பு யார் கையில்? கூட்டரசு சாலை என்பதால் இதன் பாலங்களும் மத்திய அரசின் பொறுப்பு, அதாவது ஜேகேஆர் பார்க்கணும். மாநிலச் சாலை என்றால் மாநில அரசு. அதற்கு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவின்படி மத்திய அரசு மானியம் தருகிறது. தோட்டத்துக்குள் போகும் சாலையும் சின்னப் பாலமும் தோட்ட உரிமையாளருடையவை. அதனால்தான் தோட்டத்தில் பாலம் உடைந்தால் மக்கள் ஒவ்வொரு அலுவலகமாக அலைகிறார்கள்.

நெடுஞ்சாலைக்குத் தடம் கூட்டும் பேச்சு வரும்போதெல்லாம் செய்தி பெரிசா வருது. பழைய ரோட்டில் ஒரு பாலத்தைச் சோதித்தார்களா, எவ்வளவு எடை தாங்கும் என்பது செய்தியாவதே இல்லை. அடுத்த பட்ஜெட்டில் உங்க தொகுதி எம்பியிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.