ஆலோசனைக் குழுவில் நம்ம லயத்துக்கு ஒரு நாற்காலி வேணும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. கோயில் நிர்வாகத்துல இருக்கிறவங்க கண்டிப்பா படிக்கணும்.

போன வருஷம் நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாள் காலையில நான் செஞ்ச ஒரு காரியத்தை முதல்ல சொல்லிடறேன். அன்னதானத்துல மிஞ்சின போலிஸ்திரின் தட்டு, பிளாஸ்டிக் குவளை, தண்ணி பாட்டில், காஞ்ச மாலை எல்லாம் சேர்ந்து பதினெட்டு கறுப்புப் பை. குப்பை லோரி நம்ம லயத்துக்கு வராது. அதனால கோயிலுக்குப் பின்னால செம்பனை ஓரமா குவிச்சு நானே தீ வச்சேன். பல வருஷமா அப்படித்தான் செய்யறோம்.

அன்னைக்கு காத்து திரும்பிடுச்சு. கறும்புகை நேரா லயத்துக்குள்ள போச்சு. ஆஸ்துமா உள்ள ஒரு பாட்டியை கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினோம். அம்மன் புண்ணியத்துல பொழைச்சுக்கிட்டாங்க. திரும்பி வந்ததும் என்னைத் திட்டுவாங்கன்னு நின்னேன். "சாமி காரியத்துல நடந்தது, விடுப்பா"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. திட்டியிருந்தா கூட அன்னைக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். எண்ணெய் துடைச்ச பழைய துணியைக்கூட அங்கே தனி டிரம்முல போட்டு, லேபிள் ஒட்டி, தேதி எழுதித்தான் வைக்கணும். வெளியே யாராவது குப்பை எரிச்சா நானே ரிப்போர்ட் எழுதுவேன். திறந்த வெளியில எரிக்கிறது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். இது தெரிஞ்சிருந்தும் சாமி வாசல்ல நானே தீப்பெட்டி எடுத்தேன்.

சில மாசம் கழிச்சு கோயில் வாட்ஸ்அப்புக்கு ஒரு கடிதம் வந்துச்சு. நகரத்தை எப்படிப் பசுமையா நிலையா வச்சிருக்கலாம்னு ஆலோசனைக் குழு கூடுதாம், பொதுமக்கள் வரலாமாம். எந்த நகராண்மைக் கழகம்னு பேர் வேண்டாம். பழி சொல்ல இதை எழுதல. குழுவுல யாருக்கும் நேரமில்லை. நைட் ஷிஃப்ட் முடிச்சு நான் மட்டும் போனேன்.

நல்ல ஏர்கோன் மண்டபம், நல்ல ஸ்லைடு. சோலார், சைக்கிள் பாதை, தாமான்களுக்கு மறுசுழற்சித் தொட்டி. எல்லாம் நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். கடைசியில கை தூக்கி, "எங்க லயத்துக்கு குப்பை லோரி எப்ப வரும்?"னு கேட்டேன். தோட்டம் தனியார் நிலம், நிர்வாகத்தைக் கேளுங்கன்னு பதில். அறிக்கையில "டிஅம்பில் மாக்லும்"னு எழுதிக்கிட்டாங்க. கவனத்தில் கொள்ளப்பட்டது. ஆறு மாசம் கழிச்சு அடுத்த கூட்டத்துக்கும் போனேன். அதே கேள்வி, அதே மாக்லும்.

அவங்க சொன்னது சட்டப்படி தப்பில்லை. தோட்டத்து வீடுகளோட துப்புரவு முதலாளி பொறுப்புன்னு 1990ஆம் ஆண்டு சட்டம் 446 சொல்லுது. ஆனா இன்னைக்கு லயத்துல யார் இருக்கா? பென்ஷன் இல்லாத பழைய பால்மரத்து ஆளுங்க, சிரம்பானுக்கும் நீலாய்க்கும் ஃபேக்டரி வேலைக்குப் போற நம்ம பிள்ளைங்க. தோட்டத்து வேலையே செய்யாதவனுக்கு நிர்வாகம் ஏன் குப்பை எடுக்கணும்னு அவங்க கேக்கறாங்க. மன்றமோ நிலத்தைக் காட்டுது. நடுவுல நிக்கிறது பதினெட்டு பை.

நெகிரி செம்பிலான்ல 2011லேருந்து திடக்கழிவுச் சட்டம் 672 அமல்ல இருக்கு. அந்தச் சட்டப்படி தாமான் வீடுகளுக்கு வாரத்துல ரெண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்னு லோரி போகுது. அந்தக் குப்பை போய்ச் சேர்ற இடங்கள்ல ஒண்ணு போர்ட்டிக்சன் பக்கம் இருக்கு. அதோட பேரே லாடாங் தானா மேரா. ஊர்க் குப்பைக்கு தோட்டத்துல இடம் இருக்கு, தோட்டத்துக் குப்பைக்கு ஊர் லோரியில இடம் இல்லை. இதை அந்த மேசையில சொல்ல நம்ம ஆள் ஒருத்தர் நிரந்தரமா உட்கார்ந்திருக்கணும்.

என் தொழிற்சாலையிலிருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். 40 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்கணும்னு சட்டம் கேக்குது. 1996 விதிமுறைப்படி அதுல நிர்வாகத் தரப்பும் இருக்கணும், தொழிலாளி தரப்பும் இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும். எங்க கூட்டக் குறிப்புல ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்துல ரெண்டு கட்டம் இருக்கும்: யார் செய்யணும், எந்தத் தேதிக்குள்ள. மெஷின்ல கை வைக்கிறவனுக்குத்தான் ஆபத்து எங்கே இருக்குன்னு தெரியும், அதனாலதான் அவனுக்கு நாற்காலி. புகையைச் சுவாசிக்கிற லயத்துக்காரங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

இந்த மாதிரி குழுக்கள் சும்மா வந்ததில்லை. 1992ல ரியோ டி ஜெனிரோவுல நடந்த உலக மாநாட்டுல, ஊராட்சி மன்றம் ஒவ்வொண்ணும் தன் மக்களோட உட்கார்ந்து பேசித் திட்டம் போடணும்னு முடிவாச்சு. மலேசியாவுல 2000ல பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி, கிரியான்னு நாலு இடத்துல முன்னோடியா ஆரம்பிச்சாங்க. மக்களைக் கூப்பிட்டு ஸ்லைடு காட்டறது வேற, மக்களோட உட்கார்ந்து திட்டம் போடறது வேற.

நமக்கு ஓட்டு இல்லாத இடம் இது. ஊராட்சித் தேர்தல் 1965ல நிறுத்தப்பட்டுச்சு. அதை ஆராய அமைச்ச அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்ம செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுத்த மன்றம்தான் வேணும்னு அந்த ஆணையம் பரிந்துரைச்சுது. அது நடக்கல. 1976 சட்டப்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்குது. ஆனா அதே சட்டத்துல, தன் சமூகத்தோட நலனைப் பிரதிநிதிக்க முடிஞ்சவங்களையும் நியமிக்கலாம்னு இருக்கு. மன்றத்தோட முழுக் கூட்டம், மன்றம் வேற மாதிரி தீர்மானிக்காத வரைக்கும், பொதுமக்களுக்குத் திறந்ததுன்னும் இருக்கு. நம்மள்ல எத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்கோம்? நானே 50 வயசு தாண்டித்தான் போனேன்.

இனி நம்ம பக்கம். லோரி வரலைன்னு சொல்லிக்கிட்டே போலிஸ்திரின் வாங்கினது நாமதான். கரகம் பாலிக்கப் போற ஆத்துல மாலையோட நெகிழிக் கயிறையும் சேர்த்து விட்டது நாமதான். ஆத்துக்கு தனியார் நிலம், மன்ற நிலம்னு தெரியாது. சிரம்பான் நடுவுல ஓடற லிங்கி ஆறு மலாக்கா எல்லை வரைக்கும் போய் கடல்ல சேருது. மேல போடறவன் ஒருத்தன், கீழ குடிக்கிறவன் ஒருத்தன்.

இந்த வருஷம் எவர்சில்வர் தட்டு வாங்கலாம்னு கூட்டத்துல சொன்னேன். பொருளாளர் கணக்குப் பார்த்தார். அதுக்குள்ள ஒரு அக்கா எழுந்து, "தட்டை நீங்க வாங்குவீங்க, கழுவறது யாரு? நாங்கதானே?"ன்னாங்க. சபையே அமைதி. நியாயமான கேள்வி. கடைசியில ஆம்பளைங்க பேர்தான் கழுவற பட்டியல்ல ஏறுச்சு, முதல் பேர் என்னுது. திருவிழா அன்னைக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கழுவினோம், முதுகு ஒடிஞ்சிடுச்சு. ஆனா மறுநாள் காலையில நாலே பை. வாழை இலை, காய்கறித் தோல் எல்லாம் குழியில போட்டு மூடிட்டோம். அந்த நாலு பையை என் வேன்ல ஏத்தி தாமான்ல இருக்கிற என் தம்பி வீட்டுத் தொட்டியில போட்டேன். அது தீர்வு இல்லைன்னு எனக்கும் தெரியும்.

அதனால என் கோரிக்கை மூணு.

ஒண்ணு, ஒவ்வொரு தோட்டக் கோயிலும் ஒரு ஆளை, முடிஞ்சா ஒரு பெண்ணை, மன்றக் கூட்டத்துக்கு அனுப்பணும். போயிட்டு வந்து என்ன பேசினாங்கன்னு கோயில்ல சொல்லணும்.

ரெண்டு, மன்றமும் தோட்ட நிர்வாகமும் லயத்து ஆளுங்களும் ஒரே மேசையில உட்காரணும். லயத்து வாசல் வரைக்கும் லோரி வர முடியாட்டி, மெயின் ரோட்டு முனையில ஒரு பெரிய தொட்டி வச்சாலே போதும். குறிப்புல "மாக்லும்" வேண்டாம். யார், எப்போன்னு எழுதுங்க.

மூணு, நம்ம கோயில்ல இனி தீ வைக்கிறது தீமிதிக்கு மட்டும்தான்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போறேன். கூட வர்றவங்க கீழே பேர் போடுங்க, வேன்ல இன்னும் ஆறு பேருக்கு இடம் இருக்கு. பாட்டியும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு முன் சீட்டு.

ஓம் சக்தி 🙏