முதல்வருக்கு எழுதிய கடிதம்
திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக் கடித விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். 2023 ஜூனில் ஏழு முஸ்லிம் மாணவிகள், அறுவை அரங்கில் முழுக்கை மேலங்கியும் தலையை மூடும் உறையும் அணிய கல்லூரி முதல்வரிடம் அனுமதி கேட்டார்கள். முழங்கைவரை தேய்த்துக் கழுவ வேண்டிய இடத்தில் முழுக்கை சரிவராது என்று முதல்வர் காரணம் சொன்னார். குழு வைத்துப் பார்ப்பதாகவும் சொன்னார். மருத்துவ நியாயம் அவர் பக்கம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மாணவி கேட்க, ஆசிரியர் மறுக்க, அந்த அறைக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது. கடிதம் சமூக ஊடகத்துக்குக் கசிந்ததும் ஊரே நீதிபதியாகிவிட்டது. மதவெறி என்றது ஒரு கூட்டம், அடக்குமுறை என்றது இன்னொன்று. கையை எப்படிக் கழுவுவது என்று கேட்டவர் அநேகமாக யாருமில்லை. மறுநாள் வார்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் போக வேண்டியவர்கள் அந்தப் பெண்கள்தான். 2021இல் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 ஜனவரியில் ‘புல்லி பாய்’ என்ற செயலிகளில் முஸ்லிம் பெண்களின் படங்களை ‘ஏலம்’ போட்ட நாடு இது (கைதானவர்களிலும் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள்). பெயர் வெளியே போனால் முஸ்லிம் மாணவிகளுக்கு வரும் பயம் மற்ற மாணவர்களுக்கு வருவதில்லை. அடுத்தமுறை ஒரு சந்தேகத்தை எழுதிக் கேட்க எந்த மாணவி துணிவாள்? இப்படியொரு கடிதம் உங்கள் கைபேசிக்கு வந்தால் தயவுசெய்து அடுத்த குழுவுக்குத் தள்ளாதீர்கள், அழித்துவிடுங்கள்.